பொய் சொல்லாத இங்கிலீஷ்

காரைக்குடியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சாயங்காலம், விடுதி மெஸ்ஸில் காப்பிக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். காப்பி ஊற்றிக்கொண்டிருந்த சமையல்காரர் பாண்டியம்மா எனக்கு முன்னால் நின்றவரிடம் கேட்டார்.

"இன்னைக்கு என்ன வார்த்தை, சிஸ்டர்?"

"மில்க்."

"சொல்லுங்க, கேப்போம்."

அந்தப் பெண்மணி தம்ளரை வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி எடுப்பவர்போல நிமிர்ந்து நின்று, நிதானமாகச் சொன்னார். "தி மில்க் இஸ் ஹாட். ஐ லைக் மில்க். தேர் இஸ் வாட்டர் இன் தி மில்க்."

பின்னால் வார்டன் நின்றிருந்தார். பாண்டியம்மா என்னைப் பார்த்து, "கடைசியா என்னமோ சொன்னாகளே, என்னவாம்?" என்றார்.

"பால்ல தண்ணி இருக்காம்."

"அது தமிழ்லயே எல்லாருக்கும் தெரியும். அதை இங்கிலீஷ்ல வேற சொல்லணுமாக்கும்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. வார்டன் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் பால் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. அன்றைக்கு வார்த்தை வேறு. இருந்தாலும் அந்தப் பெண்மணி காப்பியைக் குடித்து முடித்து, பாண்டியம்மாவிடம் போய், "டுடே தி மில்க் இஸ் குட்" என்று சொல்லிவிட்டுத்தான் டூட்டிக்குக் கிளம்பினார்.

அவர்தான் என் அறையில் இருக்கும் இன்னொருவர் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இருவரும் ஒரே தனியார் மருத்துவமனையில் வேலை. நான் உபகரணப் பிரிவில்; மானிட்டர், மருந்து ஏற்றும் பம்ப், ஆக்சிஜன் மீட்டர் இவையெல்லாம் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்ப்பது என் பொறுப்பு. அவர் ஆண்கள் அறுவைசிகிச்சை வார்டில் நர்ஸ். நாற்பதை நெருங்கிய வயது. காளையார்கோவிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். கணவர் ஊரில் கடலை போட்டு, ஆடு வளர்த்துக்கொண்டிருந்தார். மகள் ஜோவிட்டா அப்பாவுடன் இருந்து பிளஸ் ஒன் படித்தாள். இவர் லீவு கிடைக்கும்போது ஊருக்குப் போய்வருவார்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. தன் பெயரோடு எதையாவது படித்தால், அதில் உள்ள மற்ற விவரமெல்லாம் சரியா என்று பார்த்து எனக்குத் திருத்தம் அனுப்புவார். விடுதியில் எல்லாருக்கும் அவர் சிஸ்டர். எனக்கு அக்கா.

அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அவரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. நேர்காணல் முடிந்துவிட்டது. இங்கிலீஷ் பரீட்சையில் வாசிப்பது, எழுதுவது, கேட்பது எல்லாவற்றிலும் தேறிவிட்டார். பேச்சு மட்டும் பாக்கி. ஒருமுறை எழுதி அதில் தவறிவிட்டது. இன்னும் ஒரு வாய்ப்புக்குத்தான் அங்கே காத்திருப்பார்கள். அதற்காகத்தான் தினம் ஒரு வார்த்தை. காலையில் எழுந்ததும் கண்ணில் படும் சாதாரணப் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வார். ஸ்பூன், பூட்டு, சோப்பு, குடை. அன்றைக்குள் அதை வைத்து மூன்று வாக்கியமாவது யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். கேட்கும் ஆளுக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் வாக்கியம் உண்மையாக இருந்தாக வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் அவர்.

ஒருநாள் வார்த்தை 'டோர்'. எங்கள் அறைக் கதவு மழைக்குப் பிறகு உப்பி, சட்டத்தில் இடித்துக்கொண்டிருந்தது. "தி டோர் டஸ் நாட் குளோஸ்" என்று காலையில் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்கு ஓய்வு. உப்புத்தாள் வாங்கிவந்து ஓரத்தைத் தேய்த்துச் சரிசெய்துவிட்டேன். சாயங்காலம் வந்து கதவைச் சாத்திப் பார்த்தார். திறந்து, மறுபடியும் சாத்தினார்.

"தி டோர் குளோசஸ் நவ்" என்றார். பிறகு தமிழில், "ஏம்மா, காலையில பாண்டியம்மாகிட்டயும் சாத்தலன்னு சொல்லிட்டு வந்தேனே" என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கிப் போனார். பாண்டியம்மாவிடம் திருத்தம் சொல்லத்தான் போகிறார் என்பதை நம்ப எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

திரும்பி வந்ததும் கேட்டேன். "பேசிப் பழகத்தானேக்கா? நிஜமா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"இல்லாததைச் சொன்னா வாய் தனியா ஓடுதும்மா. மனசு பின்னாடி வர மாட்டேங்குது. நடுவுல நின்னுபோகுது."

அவர் படித்த இங்கிலீஷ் வகுப்பு புதுப் பேருந்து நிலையம் பக்கம், ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. நடத்தியவர் சுறுசுறுப்பான இளைஞர், நல்லவர். பரீட்சையில் ஒரு அட்டை தருவார்கள்; அதில் ஒரு வீடோ, ஒரு பரிசோ, ஒரு பயணமோ இருக்கும்; அதைப் பற்றி இரண்டு நிமிடம் நிற்காமல் பேச வேண்டும். எந்த அட்டை வந்தாலும் பேச அந்த மாஸ்டர் பதில்களைத் தயாராக வைத்திருந்தார். அவரிடம் படித்த அத்தனை பேருக்கும் ஊட்டியில் ஒரு மாமா உண்டு. அந்த மாமா அத்தனை பேருக்கும் பிறந்தநாளுக்குக் கைக்கடிகாரம் வாங்கித் தந்திருந்தார். அத்தனை பேர் வீட்டுக்கு முன்னாலும் புல்வெளி இருந்தது.

ஒருமுறை அக்காவை அழைத்துவரப் போயிருந்தபோது மாஸ்டர் என்னிடமே முறையிட்டார்.

"நீங்களாச்சும் சொல்லுங்க மேடம். புல்வெளி இருக்குன்னு சொல்லச் சொன்னா, 'சார், எங்க வீட்டு முன்னாடி கருவமரம்தான் நிக்குது'ங்கிறாங்க. எக்ஸாமினர் என்ன காளையார்கோவிலுக்குப் பஸ் ஏறி வந்து பாக்கப்போறானா?"

"வந்தாருன்னா?" என்றார் அக்கா.

"வர மாட்டான் சிஸ்டர்!"

"சரி, வரல. எனக்கு மாமா இல்லையே சார். இருந்தவரும் வாட்ச் வாங்கித் தர்ற ஆளு இல்ல."

முதல் பரீட்சையில் அவருக்கு வந்தது 'ஹாலிடே'. நீங்கள் மகிழ்ச்சியாகக் கழித்த ஒரு விடுமுறையைப் பற்றிப் பேசுக. அக்கா சொன்னது மொத்தம் நான்கு வாக்கியம். நான் விடுமுறைக்கு எங்கும் போனதில்லை. நான் ஒரு நர்ஸ். கிறிஸ்துமஸுக்கும் டூட்டி இருக்கும். நன்றி. மீதி நேரம் முழுக்க எக்ஸாமினரும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

"சிரிச்சாரா?"

"பாவம், அவருதான் தண்ணி குடிச்சாரு."

உண்மை சொல்பவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களை எல்லாருக்கும் பிடித்தவர்களாகக் காட்டிவிடும் ஆபத்து இருக்கிறது. அக்காவைப் பலருக்குப் பிடிக்காது. பழைய சாமான் விற்கும் தெருவில் ஒரு கடைக்காரருக்கு நிச்சயம் பிடிக்காது. அன்றைய வார்த்தை 'ஃபர்னிச்சர்' என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே இழுத்துப் போயிருந்தார். பெரிய வீடுகளிலிருந்து வந்த தூண், அலமாரி, எனாமல் தூக்குச்சட்டி எல்லாம் கூரைவரைக்கும் அடுக்கியிருந்தது. உட்காரப்போன என்னைக் கடைக்காரர் தடுத்ததும், "திஸ் சேர் இஸ் நாட் ஃபார் சிட்டிங். இட் இஸ் ஃபார் செல்லிங்" என்று அக்கா அழகாகச் சொன்னார். அங்கே நின்ற வெள்ளைக்காரத் தம்பதி சிரித்து, அவரிடம் பேச்சுக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் ஒரு தூக்குச்சட்டியைத் தூக்கிக் காட்டி, இது ரொம்பப் பழையதா என்று கேட்டார். கடைக்காரர் பின்னாலிருந்து அக்காவிடம் நூறு வருசம் என்று சொல்லச் சொல்லிக் கையால் சைகை காட்டினார்.

"ஐ டோன்ட் நோ" என்றார் அக்கா. "தி பெயின்ட் இஸ் நியூ."

அவர்கள் சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"ஏங்க சிஸ்டர், காலங்காத்தால யாவாரத்தைக் கெடுக்குறீக? ஒங்களுக்கு நான் என்ன செஞ்சேன்?"

"பழசுன்னு நீங்க சொல்லுங்க அண்ணே. என்னையக் கேட்டா எனக்குத் தெரிஞ்சதுதான சொல்ல முடியும்?"

"இனிமே இங்குட்டு வராதீக."

"சரிண்ணே" என்றார். வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாகப் போகும்போது அந்தக் கடை வந்தால் எதிர்ப்பக்கம் நடப்பார்.

இந்தக் குணம் எங்கே தொடங்கியது என்று நான் யோசித்ததுண்டு. வார்டில் என்றுதான் நினைக்கிறேன். நர்சிங் படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லித்தருவது: செய்ததை எழுது, செய்யாததை எழுதாதே. எல்லாருக்கும் தெரிந்த பாடம். ஆனால் வார்டில் ஆள் குறைவு. ஒரு நோயாளியோடு மல்லுக்கட்டும்போது மற்றவர்களுக்கு நாடி, காய்ச்சல், ரத்த அழுத்தம் பார்க்கும் வேளை தவறிப்போகும். அப்போது முந்தைய வேளையின் எண்களையே கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிச் சார்ட்டில் போட்டுவிடுவது பல இடங்களில் நடப்பது. யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் பம்ப் ஒன்று கத்துகிறது என்று என்னை அவர் வார்டுக்குக் கூப்பிட்டார்கள். அறுவைசிகிச்சை முடிந்த பெரியவர் ஒருவருக்கு மூச்சுத் திணறல். அக்கா அவர் தலைமாட்டை விட்டு நகரவில்லை. பெரியவர் தேறிவிட்டார். அந்த வரிசையில் மற்ற நான்கு பேருக்கும் அந்த வேளை பார்க்கப்படவில்லை. அக்கா நான்கு பேர் கட்டத்திலும் 'பார்க்கவில்லை' என்று எழுதி, காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் நர்சிங் சூப்பிரண்டு சத்தம் போட்டதை நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டேன்.

"நாலு நம்பர் எழுதுறதுல நீ என்ன குறைஞ்சுபோயிருவ? நாலு பேரும் நல்லாத்தான இருக்காங்க?"

"இப்ப நல்லா இருக்காங்க மேடம். அப்ப எப்படி இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாதே."

"நீ மட்டும்தான் ஊர்ல யோக்கியமா?"

இதற்கு அக்கா பதில் சொல்லவில்லை. தெரியாத கேள்வி என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. தொடர்ந்து நைட் டூட்டி போட்டார்கள். வாடிப்போய் வந்து படுப்பார். ஆனால் அந்த சூப்பிரண்டின் மாமியாருக்கு எங்கள் மருத்துவமனையிலேயே அறுவைசிகிச்சை நடந்தபோது, சூப்பிரண்டே நேராக அக்காவிடம் வந்து, "அத்தை பெட்டுக்கு நீ இரு" என்றார்.

என் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரான கல்லலில் இருந்து என் அப்பாவை நெஞ்சுவலி என்று கூட்டிவந்தார்கள். நான் அவசரப் பிரிவு வாசலில் நின்றேன். வந்தவர்கள் எல்லாரும், டாக்டர் உட்பட, ஒன்றும் ஆகாது என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அக்கா உள்ளேயிருந்து வந்தார்.

"ஒண்ணும் ஆகாதுல்லக்கா?"

"தெரியாதும்மா. ரெண்டு மணி நேரம் பாக்கணும்."

அப்படியே சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு மணி நேரமும் எழுந்திருக்கவில்லை. பிறகு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இப்ப பயமில்ல" என்றார். அப்பா இன்றைக்கும் வயலுக்குப் போகிறார். அந்த 'இப்ப பயமில்ல' எனக்கு எவ்வளவு பெரியது என்று தெரியும். ஆனாலும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அவர் ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதை அவரிடமும் சொன்னேன். "சொல்லிருக்கலாம்தான்" என்றார். "வரல."

இரண்டாவது பரீட்சைக்கு நான் உதவ ஆரம்பித்தேன். ஒரு கருவி நின்றுபோனால் அது எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அக்காவைப் பேசவிட்டுக் கேட்டேன். இலக்கணம் சரி. உச்சரிப்பு சரி. 'இல்லை' என்று வந்ததும் நின்றுவிடுகிறார். அதற்கு அப்புறம் சொல்ல உண்மை எதுவும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்.

"லீவுக்கு எங்கயும் போகல. சரி. ஏன் போகல?"

"நேரமில்ல."

"போகணும்னு ஆசை உண்டா, இல்லையா?"

"உண்டு."

"எங்குட்டு?"

"கடல். கன்னியாகுமரியெல்லாம் வேணாம். தொண்டி போதும்."

"தொண்டியில என்ன செய்வீக?"

"செருப்பைக் கழட்டிட்டு நிப்பேன். எறா வாங்கிட்டு வருவேன். அவருக்கு எறான்னா உசிரு."

"இதுல ஏதாச்சும் பொய் இருக்கா?"

"இல்ல."

"அப்ப இதைச் சொல்லுங்க."

அன்றைக்கு 'சீ' என்ற வார்த்தையை வைத்து இரண்டு நிமிடத்துக்கும் மேல் பேசினார். முடித்ததும் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். நடக்காததிலும் உண்மை கொஞ்சம் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர்போல.

அதற்குப் பிறகு வார்த்தைகள் வேகமாகப் போயின. எனக்கு எதையும் வரிசை போட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு. அவர் சொன்ன வார்த்தைகளை மனத்துக்குள் அடுக்கிப் பார்த்தபோது ஒன்று இல்லாதது தெரிந்தது. கணவர் வந்துவிட்டார், ஆடு வந்துவிட்டது, கடலைக்காடு வந்துவிட்டது. 'டாட்டர்' வரவில்லை.

"மகளைப் பத்தி மட்டும் ஏங்க்கா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறீக?"

"அவகிட்ட இன்னும் சொல்லல."

"அயர்லாந்து போறதையா?"

"பரீட்சை எழுதுறதையே."

"பொய் சொல்ல மாட்டீகளே!"

"பொய் சொல்லல. அவ கேக்கல. கேட்டா சொல்லிருவேன்."

அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடிக்காமல் போன வாக்கியம் இதுதான். தன் உண்மையை ஒரு வக்கீலைப்போல அவர் உபயோகித்தது அந்த ஒருமுறைதான். அவருக்கும் அது தெரிந்திருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, காயப்போட்ட துணியை மடிக்க ஆரம்பித்தார்.

பரீட்சைக்கு முந்தைய ஞாயிறு. ஜோவிட்டா கண் பரிசோதனைக்காகக் காளையார்கோவிலில் இருந்து பஸ்ஸில் வந்தாள். செக்காலை மாதா கோவிலில் பூசை முடிந்து அம்மாவும் மகளும் விடுதிக்குச் சாப்பிட வந்தார்கள். ஞாயிறு என்றால் கோழிக்குழம்பு. அம்மாவைப்போலவே உயரம், அம்மாவைப்போலவே நிமிர்ந்த முதுகு; ஆனால் வாய் ஓயாமல் பேசினாள். பாண்டியம்மாவுக்கு அவளைப் பார்த்ததில் ஒரே சந்தோஷம்.

"மகளுக்கு முன்னாடி சொல்லுங்க பாப்போம். இன்னைக்கு என்ன வார்த்தை, சிஸ்டர்?"

அக்கா தட்டைப் பிடித்தபடி நின்றார். காலையில் எழுந்ததும் அவர் கண்ணில் பட்டது எது என்று எனக்குத் தெரியும். முதல்நாள் வாங்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த பெட்டி. வேறு எதையாவது சொல்லிவிடலாம். தட்டு, தண்ணீர், கோழி. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சூட்கேஸ்" என்றார்.

"மூணு சொல்லணுமாம்ல? சொல்லும்மா, சொல்லும்மா" என்றாள், இது என்ன விளையாட்டு என்று பாண்டியம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஜோவிட்டா.

"ஐ பாட் எ சூட்கேஸ் எஸ்டர்டே. தி சூட்கேஸ் இஸ் ப்ளூ."

"இன்னொண்ணு!"

"தி சூட்கேஸ் இஸ் ஃபார் மீ."

ஜோவிட்டா கை தட்டினாள். "ஒனக்கு எதுக்கும்மா சூட்கேஸு? காளையார்கோவில் பஸ்ஸுல ஏத்திக்கிட்டு வரவா?"

யாரும் சிரிக்கவில்லை. விடுதியில் எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எங்கம்மா போற?"

கேட்டுவிட்டாள். அக்கா தட்டை மேஜையில் வைத்தார்.

"அயர்லாந்துக்கு. வர்ற சனிக்கிழமை பரீட்சை. பாஸானா போவேன். போனா ரெண்டு வருசம் ஆகும் வர்றதுக்கு. அப்புறம் ஒங்களையும் கூப்பிட்டுக்கலாம்னு சொல்றாக. கூப்பிட முடியுமான்னு எனக்குத் தெரியல."

கடைசி வாக்கியத்தை அவர் விட்டிருக்கலாம். கண்டிப்பாகக் கூப்பிடுவேன் என்று எந்தத் தாயும் சொல்லியிருப்பாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு மட்டுந்தான் தெரியாதா?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு. நீ போகாதன்னு சொன்னா நான் போக மாட்டேன். அதான் ஒன்னையக் கேக்காமலே இருந்தேன்."

ஜோவிட்டா தட்டில் இருந்த சோற்றை விரலால் ஓரம் ஒதுக்கினாள். "இப்பச் சொல்லலாமா?"

"சொல்லலாம்."

அவள் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். அக்கா பேருந்து நிலையம்வரை கூடப் போய்விட்டு வந்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை என்றார். அந்த வாரம் அவர் வார்த்தை எதுவும் எடுக்கவில்லை. பாண்டியம்மாவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மதுரைக்கு நானும் கூடப் போனேன். மேலூர் தாண்டும்வரை அக்கா போனைக் கையிலேயே வைத்திருந்தார். "பரீட்சை எழுதலாமான்னே எனக்குத் தெரியல. அவ சொல்றதுக்கு முன்னாடி எழுதுனா, அவகிட்ட 'சொல்லலாம்'னு சொன்னது பொய்யாயிரும்ல?" என்றார். பரீட்சை மையத்தின் வாசலில், போனை ஒப்படைக்கச் சொல்லும் நேரத்தில், அது அடித்தது. சுற்றிலும் வண்டிச் சத்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"பரீட்சையை எழுது. போறதைப் பத்தி அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஜோவிட்டா வைத்துவிட்டாள்.

அக்கா உள்ளே போனார். நான் எதிரில் இருந்த கடையில் இரண்டு டீ குடித்தேன். வெளியே வந்தவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன வந்துச்சு?"

"மீல். மறக்க முடியாத ஒரு சாப்பாடு."

மாஸ்டரிடம் இதற்கு ஒரு நட்சத்திர ஓட்டல் தயாராக இருந்தது என்பது என் நினைவுக்கு வந்தது. "எதைச் சொன்னீக?"

"போன ஞாயித்துக்கிழமைய. கோழிக்குழம்பு, சூட்கேஸு, எல்லாத்தையும். ஷி டிட் நாட் ஈட் தி சிக்கன். ஐ ஆல்சோ டிட் நாட் ஈட். முடிக்கிறதுக்குள்ள போதும்னு கையைக் காட்டிட்டாரு."

"அவரு எதுவும் கேட்டாரா?"

"அந்தப் பொண்ணு போகச் சொல்லிருச்சான்னு கேட்டாரு. நாட் யெட்னு சொன்னேன்."

தேறிவிட்டார். முடிவு வந்ததும் மகிழ்ச்சியை யாரிடமும் காட்டாமல் ஊருக்குப் பஸ் ஏறினார். மறுநாள் திரும்பி வந்தவரிடம் நான் கேட்பதற்கு முன்னால் பாண்டியம்மா கேட்டார், "பிள்ள என்ன சொல்லுச்சு?"

"போயிட்டு வான்னு சொல்லிட்டா."

"சந்தோசமாத்தான?"

"சந்தோசமா சொல்லல" என்றார் அக்கா. "ஆனா சொன்னா."

அவர் போன பிறகு ஜோவிட்டா பள்ளிப்படிப்பை முடித்துக் காரைக்குடியிலேயே கல்லூரியில் சேர்ந்தாள். எங்கள் விடுதி, என் அறை, அவள் அம்மா படுத்த அதே கட்டில். இங்கே தங்கியிருக்கும் பெண்களில் சிலருக்கு அப்பாவோ அண்ணனோ சிங்கப்பூரில், வளைகுடாவில் இருக்கிறார்கள். போனில் அவர்கள் சொல்வது காதில் விழும். பொங்கலுக்கு வந்துவிடுவேன், உன் பிறந்தநாளுக்குக் கண்டிப்பாக. வராவிட்டால் அடுத்த பண்டிகையைச் சொல்வார்கள். அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டே போனை வைப்பார்கள்.

ஜோவிட்டா ஞாயிறுதோறும் அம்மாவிடம் கேட்பாள். "எப்பம்மா வருவ?" பதில் எனக்கும் கேட்கும். "தெரியல. லீவு கேட்ருக்கேன். இன்னும் சொல்லல." அடுத்த வாரமும் அதேதான். ஆரம்பத்தில் போனை வைத்துவிட்டு அவள் அழுவாள். ஒருமுறை என்னிடம், "ஒரு தேதி சொன்னா என்னக்கா கொறஞ்சுபோகும்? பொய்யாத்தான் இருக்கட்டுமே" என்றாள். அவள் பக்கம்தான் நான். ஆனால் அதை அவள் அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

போன வாரம் வேலை முடிந்து அறைக்கு வந்தேன். ஜோவிட்டா கட்டிலில் பரப்பியிருந்த புத்தகம், துணி, ஹேர்பேண்டு எல்லாவற்றையும் எடுத்து என் மேஜைமேல் குவித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா வருதுக்கா."

"எப்ப? டிக்கெட் போட்டாச்சா?"

"தெரியல."

"எந்த மாசம்னாச்சும் கேட்டியா?"

"கேக்கல" என்றாள். போர்வையை உதறி, கட்டிலின் ஒரு பாதியில் மட்டும் விரித்தாள். "வர்றேன்னு சொல்லிருச்சு."